குறுக்கே விழும் பாரம்

விரல் நுனி திருகு மரையின் மேல் ஊர்ந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மூன்றாவதில் நின்றது. அந்த இடத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தபோது மயிரிழை அளவுக்கு ஏதோ தட்டியது. கைகள் அந்தக் கண்ணியை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி எடுத்தன, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தன, துணியில் உருட்டித் துடைத்தன. மறுபடியும் நகம். தட்டல் போகவில்லை. அழுக்காக இருந்திருந்தால் போயிருக்கும். வலப்பக்கத் தகர டப்பாவுக்குப் போக வேண்டிய கண்ணி, தரையில் இருந்த வாளிக்குள் போய் விழுந்தது. வாளியில் விழுந்தது எதுவும் மறுபடி மேசைக்கு வருவதில்லை.

கண்ணி என்பது விரல் நீளத்தில், சங்கிலியின் ஒற்றை வளையம் போல இருக்கும் எஃகுத் துண்டு. ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். ஒரு நட்டு மரையில் உருண்டு வந்து அந்த வாயை மூடும். மரம் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் பெல்ட்டையும் அவர்களைத் தாங்கும் கயிற்றையும் சேர்ப்பவை அப்படிப்பட்ட சில இரும்புத் துண்டுகள்தான். பட்டை எவ்வளவு அகலமானாலும் கயிறு எவ்வளவு தடிமனானாலும் ஆளின் கனம் கடைசியில் வந்து நிற்பது அந்த விரல் நீளத்தில். அதைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும், கிழிந்த பட்டையைத் தைப்பதும் அவள் தொழில். மரம் வெட்டும் குழுவில் அவளுக்குக் ‘கண்ணி அண்ணி’ என்று பெயர். வைத்தவன் கொழுந்தன். அவன் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் வைத்தது.

அவள் முதலில் வேலைக்குப் போனது கிரேன்களுக்குத் தூக்குப் பட்டை தைக்கும் பட்டறைக்கு. வரிசையாகப் பெரிய தையல் மெஷின்கள். காலால் மிதித்தால் தரை அதிரும். அறுந்த பட்டைகள் திரும்பி வரும்போதெல்லாம் தையல்காரிகளுக்குத்தான் திட்டு விழும். அவள் திட்டை வாங்கிக்கொண்டு அறுந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். தையல் அப்படியே இருக்கும். இரும்பு பட்டையைத் தொடும் இடத்தில்தான் கிழிந்திருக்கும். இல்லாவிட்டால் இரும்பே போயிருக்கும். உடைந்த இரும்பையும் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். தையல்காரிக்கு இரும்பு எதற்கு, வளையல் பண்ணிப் போட்டுக்கொள்ளவா என்று மேற்பார்வைக்காரர் கேட்டார். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து அவளாகவே இரண்டு ஜாதி பிரித்துக்கொண்டாள். ஒன்று, சொல்லிவிட்டுச் சாகிற இரும்பு: வளையும், நீளும், வாய் பிளக்கும், பிறகுதான் போகும். இன்னொன்று, சொல்லாமல் சாகிற இரும்பு: ரொட்டித் துண்டு போல நேராக முறியும், முறிந்த இடம் உப்புக்கல் மாதிரி மினுங்கும்.

மரம் ஏறுகிற ஒருவன் தன் பெல்ட்டைத் தைக்கக் கொண்டுவந்தான். அடுத்த மாதமும் கொண்டுவந்தான், அதே இடத்தில் கிழிசல். மூன்றாவது முறை அவள் கிழிசலைப் பார்த்துவிட்டு, பிளேடு கொஞ்சம் மழுங்கிவிட்டது போலிருக்கிறதே, புதிதாக வாங்கக் கூடாதா என்று கேட்டாள். அவன் காதுவரை சிவந்தான். அப்படித்தான் கல்யாணம் நடந்தது. அவனைக் குழுவில் பெரியவன் என்பார்கள். அவன் தம்பி சின்னவன். பெரியவன் மேலே ஏறுவான், சின்னவன் கீழே நின்று கயிறு பிடிப்பான். சில நாள் மாற்றிக்கொள்வார்கள். அவள் பட்டறையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் ஒரு பழைய மெஷினைப் போட்டுக்கொண்டாள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல், அதன் கீழே நீள மேசை, பின்னால் ஒரு அறை. அவ்வளவுதான் வீடு.

இரும்பு வாங்குவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒரே மாதிரி மூன்று வாங்கினால் ஒன்றை உடைப்பாள். கிரேன் நிறுத்தும் கொட்டடியில் ஒரு ஜாக்கியும் இழுவையை அளக்கும் முள்ளும் உண்டு. காவலாளி பழக்கம். அங்கே கொண்டுபோய் முதலில் நீள வாக்கில் இழுப்பாள், பிறகு குறுக்கு வாக்கில். கொக்கியின் உடம்பில் எவ்வளவு தாங்கும் என்று அடித்திருக்கும் எண்களை அவள் நம்பாமல் இல்லை. ஆனால் எண் எதுவும் அது எப்படிச் சாகும் என்று சொல்வதில்லை. எந்தக் கொக்கியும் நீள வாக்கில் நன்றாகத்தான் தாங்கும். வாயின் மேல் குறுக்கே பாரம் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. அதனால் அவளுக்குச் சின்னதுதான் பிடிக்கும். சின்னது கயிற்றோடு ஒட்டிக்கொண்டு நேராக நிற்கும், திரும்பிக்கொள்ள இடம் இருக்காது. பெரியது தன் இஷ்டத்துக்குப் புரளும், கிளையில் போய்ச் சாயும்.

இதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. சாரம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய கொக்கி ஒன்று அவனிடம் இருந்தது. அதற்குத் ‘தும்பிக்கை’ என்று பெயர். கையுறையோடு திறக்கலாம், பார்க்காமல் திறக்கலாம், எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். அவள் சின்னக் கண்ணிகளைப் பொருத்திக் கொடுத்தால், மூக்குத்தித் திருகாணியைத் திருகுவதற்கு நான் மேலே போகவில்லை என்பான். அவள் கழற்றி வைப்பாள், அவன் தேடி எடுத்துக்கொண்டு போவான்.

அந்தச் சமயம் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டிருந்த மரம் பட்டுப்போனது, வரிசை வீடுகளின் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்து நின்றது. பாதி வெட்டியாகியிருந்தது. மேலே இருப்பவன் உயரமான கிளைக்குக் கயிற்றை மாற்ற வேண்டுமானால், முதலில் இடுப்பில் இருக்கும் குட்டைக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக் கொக்கியில் சேர்த்துக்கொள்வான். பிறகு “மாட்டிக்கிட்டேன்” என்று குரல் கொடுப்பான். கீழே இருப்பவன் பெரிய கயிற்றைத் தளர்த்துவான். எப்போதும் அப்படித்தான்.

அன்று தும்பிக்கையின் நீண்ட உடம்பு ஒரு கிளை முண்டுக்குப் பின்னால் போய்க் குறுக்காகச் சிக்கியது. பெரியவனால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கயிறு இறுக்கமாக இருந்தால் ஒரு எம்பு எம்பி எடுத்துவிடலாம். கயிற்றை இறுக்கிப் பிடிக்கத்தான் குரல் கொடுத்தான்.

“டேய், மாட்டிக்கிட்டேன்.”

சின்னவன் கயிற்றைத் தளர்த்தினான்.

ஆள் கனம் முழுவதும் குறுக்கே கிடந்த கொக்கியின் வாயில் விழுந்தது. வாய் கோணியது. கொக்கி முண்டிலிருந்து நழுவியது, பெரியவன் விழுந்தான், கயிறு சின்னவனின் கைகளுக்குள் ஓடியது. அவன் கையுறை போட்டிருக்கவில்லை. ஆனாலும் பிடித்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போக, பிடித்து நிறுத்தினான். அந்த வெட்டு இழுப்பில்தான், பெரிய கயிற்றையும் சேர்த்துப் பிடித்திருந்த அந்தக் கோணிய கொக்கி வாயைத் திறந்தது. மீதி உயரம் முழுவதும் பெரியவன் கயிறு இல்லாமல் வந்தான்.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை. பின்னறையில் கட்டில் போட்டார்கள். கைகளும் வாயும் முன்பு போலவே இருந்தன. வாய் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக நின்றுபோனது. சட்டையை ஆணியில் தொங்கவிடு என்பார்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள் என்பார்கள். குழுவிலும் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டு, ‘பூட்டியாச்சு’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

சின்னவன் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தவன், வீட்டுக்கு வரவில்லை. அவன் கைகள் ஆறின. ஆறும்போது தோல் சுருங்கி, விரல்கள் பாதி மடங்கலில் நின்றுவிட்டன. தடிமனான பொருளைப் பிடிக்க முடியும், ரம்பத்தின் கைப்பிடியைப் பிடிக்க முடியும். சட்டைப் பொத்தான் போட முடியாது.

ஒரு நாள் குழுவின் மேஸ்திரி வந்து முன்னறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். மரம் பாதியில் நிற்கிறது, கீழே குடியிருப்பவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் தூங்க வைக்கப் பயப்படுகிறார்கள், காற்றுக் காலம் வருகிறது. வெளியிலிருந்து கூப்பிட்ட இரண்டு ஆட்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சின்னவன் தானே ஏறுகிறேன் என்கிறான். அவனுக்கு ஒரு பெல்ட் வேண்டும். அதில் பெரிய கொக்கியாகப் போட வேண்டும், அவன் விரலுக்கு அதுதான் திறக்கும்.

அவள் முடியாது என்றாள். பெல்ட்டே தர முடியாது என்றாள்.

“நீ தரலைன்னா கடையில வாங்கிப் போட்டுக்கிட்டு ஏறுவான்மா. ஏற மாட்டான்னு மட்டும் நினைக்காதே,” என்றார் மேஸ்திரி. “நான் நிறுத்திப் பார்த்துட்டேன்.”

அவள் கொஞ்ச நேரம் கையில் இருந்த துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அளவு எடுக்க வேண்டும், ஆளை அனுப்புங்கள் என்றாள்.

மறுநாள் சின்னவன் வந்தான். மெலிந்திருந்தான். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை, பின்னறைக் கதவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாரோ வந்த மாதிரி இருக்கு. நாற்காலி மட்டும் தனியா நடக்குதா?”

சின்னவன் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான். அவள் நாடாவை விரித்தாள். இடுப்பு, தொடை அளவுகளை எடுத்தாள். எடுத்து முடித்ததும் மேசையில் மூன்று கொக்கிகளை வைத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து, இந்தக் கயிற்றில் போட்டு, மூடு என்றாள்.

முதலாவது, திருகி மூடுவது. அவன் இரண்டு கைகளையும் சேர்த்து உருட்டினான். நட்டு பாதி வழி வந்து நின்றது. நெற்றியில் வியர்வை பூத்தது. இரண்டாவது, கட்டை விரலால் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். அவன் கட்டை விரல் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது தும்பிக்கை மாதிரியே ஒரு பெரிய கொக்கி; அவனுக்கு எது வேண்டும் என்று பார்க்கத்தான் வைத்திருந்தாள். அதை எடுத்ததும் அவன் முகம் தெளிந்தது. திறந்தான், போட்டான், மூடினான்.

“இதுவே போதும் அண்ணி.”

அவள் அந்தக் கொக்கியை வாங்கி மேசை விளிம்பில் குறுக்காகச் சாய்த்தாள். வாய் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட விரலை நீட்டினாள்.

“காட்ட வேணாம் அண்ணி. பார்த்திருக்கேன்.”

விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு அவளை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

“இப்போ மூடினியே, இழுத்துப் பார்த்தியா?”

“பார்த்தேனே.”

“பார்க்கலை.”

உள்ளேயிருந்து பெரியவன் சொன்னான். “பார்க்கலை. இழுத்திருந்தா சத்தம் எனக்குக் கேட்டிருக்கும்.”

மரம் ஏறுகிறவன் எதை மூடினாலும் ஒரு முறை சுண்டி இழுத்துப் பார்ப்பான். கண் சிமிட்டுவது போல அது, யோசித்துச் செய்வதில்லை. வீட்டுக் கதவைப் பூட்டினாலும் இழுத்துப் பார்ப்பார்கள். அது சின்னவனிடம் இல்லை. விரல் முடியாததால் அல்ல, இழுக்க விரல் வேண்டியதில்லை. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் கொடுத்தாள். அவன் டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. உள்ளங்கையின் அடிமேட்டுக்கும் கட்டை விரலின் வேருக்கும் நடுவில் வைத்து அழுத்தி, அப்படியே தூக்கிக் குடித்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் அதைப் பார்த்தாள். டம்ளரைத் திருப்பி வாங்கியபோது, இன்னொரு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். பரவாயில்லை, குடி என்று ஊற்றிக் கொடுத்து, அவன் கையை மறுபடியும் பார்த்தாள்.

அவன் போன பிறகு, கணவனைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

“அவன் மரத்தை இறக்கப் போறானா, தன்னை இறக்கிக்கப் போறானா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்குத் தெரியும். அதான் ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்க வச்சு உட்கார வச்சே.”

அதற்காக அல்ல என்று அவள் சொல்லவில்லை. பெல்ட்டைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று அவன்தான் கேட்டான். கொடுக்காவிட்டால் கடையில் வாங்குவான் என்று அவள் மேஸ்திரி சொன்னதையே சொன்னாள். துணியைப் பிழிந்து போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், அந்த நாளைப் பற்றி அதுவரை பேசாதவன், பேசினான்.

“நான் சொன்னதும் சரிதான். அவன் கேட்டதும் சரிதான். சரியாச் சொல்லி, சரியாக் கேட்டுத்தான் இப்படிக் கிடக்கிறேன்.” சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. “அவன் பிடிச்சான், தெரியுமா? பிடிச்ச இழுப்பு என் இடுப்புல இன்னும் இருக்கு. கடைசியா அங்கே தெரிஞ்சது அதுதான்.”

அதை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். வந்தால்தானே சொல்வதற்கு என்றான்.

அடுத்த நாட்களில் அவள் கடை கடையாக அலைந்தாள். வேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. சின்னதாக இருக்க வேண்டும், எஃகாக இருக்க வேண்டும், விரல் வேலை கேட்கக் கூடாது. பின்புறம் ஒரு நாக்கு, முன்புறம் வாயை மூடும் ஒரு நாக்கு உள்ள கொக்கி ஒன்று உண்டு. பின் நாக்கை உள்ளங்கை மேட்டால் அழுத்தினால்தான் முன் நாக்கு உள்ளே போகும். இரண்டும் சேர்ந்தால் ஒழியத் திறக்காது. டம்ளரை அழுத்திய இடத்தால் அவன் அதை அழுத்தலாம். முன் நாக்கைக் கட்டை விரலின் வேராலேயே தள்ளலாம்.

அப்படிப்பட்டது பல கடையில் இருந்தது. அவளுக்குச் சரியானது இல்லை. ஒரு கடையில் அலுமினியத்தில் காட்டினார்கள், இறகு மாதிரி இருந்தது. அதே பலத்துக்கு உடம்பைப் பருமனாக்கியிருந்தார்கள், வேண்டாம் என்றாள். இன்னொன்றில் கண்ணாடி போலப் பளபளத்தது, எண் எதுவும் அடிக்கவில்லை. கடைக்காரர், அம்மாவுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். மூன்றாவது கடையில் கிடைத்ததைக் கொட்டடிக்குக் கொண்டுபோய்க் குறுக்கே இழுத்தபோது, முள் பாதி ஏறுமுன் பட்டென்று முறிந்தது. முறிந்த இடம் மினுங்கியது. அதோடு வாங்கிய மற்றதும் வாளிக்குப் போயிற்று.

கடைசியில் கிடைத்தது அவள் உள்ளங்கையில் பாதி. அடித்துச் செய்த எஃகு, கனமாக, அழகில்லாமல் இருந்தது. நீளத்தில் இழுத்தாள், முள் போதும் என்ற இடத்தைத் தாண்டியும் போனது. குறுக்கே போட்டாள். உடம்பு வளைந்தது, வளைந்துகொண்டே போனது, நாக்கு பக்கவாட்டில் ஒடுங்கியது. வாய் திறக்கவில்லை. காவலாளி, இன்னும் இழுக்கவா என்று கேட்டார். இழுங்கள் என்றாள். நெடுநேரம் முனகிவிட்டுத்தான் அது போனது. சொல்லிவிட்டுச் சாகிற ஜாதி. அவள் அதே பெட்டியிலிருந்து இன்னும் வாங்கினாள்.

பிறகு பெல்ட். மேலே போனபின் அவன் விரலால் எதையும் திருகக் கூடாது என்பதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பொருத்தையும் போட்டாள். வயிற்றுக்கு முன்னால் இரண்டு பக்க வளையங்களையும் சேர்த்து ஓடும் சின்னக் கயிற்றைப் பாலம் என்பார்கள். ஆள் தொங்குவது அதில்தான். அதன் இரண்டு முனைகளிலும் குட்டையான எஃகுக் கண்ணிகளைப் போட்டாள். நட்டு கீழ்நோக்கி இறுகும்படியும், உடம்பின் பக்கம் பார்த்திருக்கும்படியும் வைத்தாள். மரப்பட்டை உரசி உரசி நட்டைத் திறந்துவிடக் கூடாது. கையால் முடிந்த மட்டும் திருகிவிட்டு ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நட்டுக்கும் உடம்புக்கும் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அவள் நகப்பூச்சு வாங்குவது இதற்கு மட்டும்தான். என் பெண்டாட்டி இரும்புக்குத்தான் சிங்காரம் பண்ணுவாள் என்று பெரியவன் முன்பு குழுவில் சொல்லிச் சிரிப்பான்.

குட்டைக் கயிறு ஒன்றுக்குப் பதில் இரண்டாகத் தைத்தாள். ஒன்றைக் கழற்றுமுன் மற்றொன்று மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். இரண்டின் நுனியிலும் அந்த இரண்டு நாக்குக் கொக்கி. கொக்கி உட்காரும், ‘காது’ என்னும் கயிற்று மடிப்பை மிகவும் இறுக்கமாகத் தைத்தாள். ஊசி இரண்டு முறை ஒடிந்தது. கொக்கி அந்தக் காதுக்குள் புரள முடியாது. புரள முடியாதது குறுக்கே விழாது. பின் நாக்கைக் கிளை ஏதும் அழுத்திவிடாமல் இருக்கத் தடித்த தோலில் ஒரு மடல் வைத்தாள். கை உள்ளே போகும், கிளை போகாது. அந்த மடலை மட்டும் நாலு தடவை பிரித்துத் தைத்தாள். ஒவ்வொரு தடவையும் தன் விரல்களைப் பாதி மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு, உள்ளங்கை மேட்டால் திறந்து பார்த்தாள்.

முடிந்தபோது மாலை வெயில் ஜன்னல் கம்பியில் இருந்தது. பெல்ட்டைச் சுருட்டப் போனாள்.

“இங்கே கொண்டா,” என்றான் உள்ளேயிருந்து.

கொண்டுபோய் அவன் மார்பின் மேல் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கையால் பார்த்தான். வளையம், பாலம், கண்ணி, கோடு. ஒவ்வொரு கொக்கியையும் திறந்து, மூடி, சுண்டி இழுத்தான். தோல் மடலில் கை வந்ததும் நின்றது. தன் விரல்களை அவனும் பாதி மடக்கிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தான்.

“சின்னதா இருக்கு,” என்றான்.

“ஆமா.”

“முதல்லயே போட்டுக்கிட்டிருக்கலாம்.”

பதில் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டை எடுக்கக் கை நீட்டியபோது அவன் விடவில்லை. இருக்கட்டும், நான் கொடுக்கிறேன் என்றான்.

மறுநாள் காலை சின்னவன் வந்தபோது மேசை காலியாக இருந்தது. அவன் மேசையைப் பார்த்தான், சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“உள்ளே இருக்கு,” என்றாள். “அண்ணன்கிட்ட வாங்கிக்கோ.”

“நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்க அண்ணி.”

“என் வேலை முடிஞ்சுது தம்பி.”

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். போய்விடுவான் என்று நினைத்தாள். மெஷினில் உட்கார்ந்து, தைக்க எதுவும் இல்லாமல் நூலைக் கோத்தாள். தெருவில் ஒரு லாரி போய் முடியும்வரை அவன் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் நிமிரவில்லை. அவன் நிழல் மேசையைக் கடந்து, கதவைக் கடந்து போயிற்று.

உள்ளே கட்டிலின் கீழே மலக்கோப்பை, ஜன்னலோரம் மருந்து, தகடு போலக் கிடக்கும் கால்கள். சின்னவன் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். அண்ணே என்று ஆரம்பித்தான். பேசாதே, கேள் என்றான் பெரியவன். பெல்ட்டை விரித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான். சிவப்புக் கோடு உடைந்திருந்தால் ஏறாதே. இந்த இரண்டு கண்ணிகளையும் மேலே தொடாதே. கொக்கியை இப்படி அழுத்து, விரலை மறந்துவிடு, கை மேட்டால். அழுத்து. இன்னொரு தடவை. கிளிக் என்ற சத்தம் முன்னறை வரை வந்தது. மறுபடியும் வந்தது. அதைத் தொடர்ந்து, சுண்டி இழுக்கும் சத்தம்.

“அது நானாச் சொல்லி நீ இழுத்தது,” என்றான் பெரியவன். “மேலே நான் இருக்க மாட்டேன்.”

கொக்கி பட்டையின் மேல் விழும் சத்தம் கேட்டது.

“இறங்கி வருவியா?”

அவள் நூலை விட்டுவிட்டாள்.

“வரணும்னுதான் இருக்கு அண்ணே,” என்றான் சின்னவன். “சில நேரம் இருக்கு. சில நேரம் இல்லை.”

“சரி. அப்போ இதைக் கேளு. இது உனக்குச் சொந்தம் இல்லை. இரவல். மரம் முடிஞ்சதும் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கணும். மேஸ்திரி கையில குடுத்து அனுப்பக் கூடாது, உங்க அண்ணி கையில குடுத்துட்டு ஓடக் கூடாது. இங்கே வந்து, என் கையில. அன்னிக்கு நீ பிடிச்சதைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. வந்தாத்தான் சொல்வேன்.”

“இப்போ சொல்லுங்க.”

“முடியாது.”

அவள் எழுந்து கதவருகே வந்தாள். பெரியவன் பெல்ட்டை மார்பிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தான். எஃகும் பட்டையும் சேர்ந்து படுத்திருப்பவனுக்கு நல்ல கனம். சின்னவன் விரல்களை நீட்டிப் பார்த்தான், அவை நீளவில்லை. முன்னங்கைகள் இரண்டையும் சேர்த்து நீட்டி, குனிந்து, பெல்ட்டின் அடியில் கொடுத்தான்.

“பிடிச்சியா?”

“பிடிச்சுக்கிட்டேன் அண்ணே.”

பெரியவன் கையை விட்டான்.